பிழைச் செய்தியில் ஒரு வரியை மாற்ற ஏன் இவ்வளவு பாடு?

அடைப்புக்குறி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்ச நாளாக ஒரு நிரல்மொழியின் கம்பைலருக்கு (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) ஓய்வு நேரத்தில் பேட்ச், அதாவது திருத்தங்கள், அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எந்த மொழி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் இழை முழுக்க அந்த மொழி நல்லதா கெட்டதா என்று போய்விடும்.

விஷயம் இதுதான். மதிப்பின் வகை (எண், எழுத்துத் தொடரான சரம் போன்றவை) பொருந்தாதபோது வரும் செய்தி "எண் தேவை, சரம் வந்திருக்கிறது" என்பதோடு நின்றுவிடுகிறது. எண்தான் வேண்டும் என்று எந்த இடத்தில் முடிவானது என்பதைச் சொல்வதில்லை. அது பல வரிகளுக்கு மேலே உள்ள ஃபங்ஷன் அறிவிப்பாக இருக்கலாம், சற்று முன்னால் போன ஒரு இஃப் கிளையாக இருக்கலாம். அந்த இடத்தையும் சேர்த்துக் காட்டினால் தேடுகிற வேலை மிச்சம். தகவல் கம்பைலருக்குள் ஏற்கனவே இருக்கிறது, எடுத்துக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. மாற்றம் மொத்தமும் ஒரு திரைக்குள் அடங்கும்.

அனுப்பிய பிறகுதான் கூத்தே. டெஸ்ட்களின் எதிர்பார்ப்புக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் மாறிப்போயின. மேக்ரோவுக்குள் (சுருக்கமாக எழுதியதைக் கம்பைலரே முழு நிரலாக விரித்துக்கொள்ளும் வசதி) பிழை வந்தால் எந்த இடத்தைக் காட்டும் என்று ஒருவர் கேட்டார். வேகம் குறையுமா என்று இன்னொருவர். ஆவணத்தைத் தனி பேட்ச்சாகக் கொடு என்றார் மூன்றாமவர். நாலாவதாக ஒரு மூத்தவர் வந்து, இதெல்லாம் பூச்சு வேலை, உண்மையிலேயே உதவ நினைத்தால் ஆப்டிமைசரில் (நிரலை வேகமாக்கும் பகுதி) இருக்கிற பக்குகளைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? பிழைச் செய்தி வேலை கம்பைலர் வேலையில் சேர்த்தியா இல்லையா?

---

பழைய_லிங்கர் எழுதியது:

இப்படித்தான். அந்த மூத்தவர் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள், மற்ற மூவர் கேட்டதும் நியாயமான கேள்விகள்.

டெஸ்ட் கோப்புகள் விஷயம் முதலில். ரஸ்ட் என்ற மொழியின் கம்பைலரில் இந்த வகை டெஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பு இருக்கும். கம்பைலர் என்ன அச்சிட வேண்டுமோ அது முழுக்க அப்படியே அதில் கிடக்கும், அம்புக்குறி, இடைவெளி, உதவிக் குறிப்பு எல்லாம். ஒரு சொல்லை மாற்றினால் அந்தச் சொல் வருகிற அத்தனை கோப்பும் மாறும். கையால் திருத்த வேண்டாம், "பிளெஸ்" என்று ஒரு கொடி இருக்கிறது, அதைப் போட்டு ஓட்டினால் புதிய வெளியீட்டையே எதிர்பார்ப்பாக எழுதிவிடும். ஆபத்தும் அதில்தான். எழுதிவிட்டு டிஃப்பை (எது எப்படி மாறியது என்ற பட்டியலை) படிக்காமல் அனுப்புகிறவர்கள் உண்டு. நூறு கோப்பில் 97 நீங்கள் நினைத்தபடி மாறியிருக்கும், மூன்றில் உங்கள் புதிய குறிப்பு சம்பந்தமே இல்லாத வரியைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த மூன்றைக் கண்டுபிடிக்கத்தான் ரிவ்யூ.

சி, சி++ கம்பைலரான கிளாங்கில் வேறு மாதிரி. டெஸ்ட் நிரலுக்குள்ளேயே, பிழை வர வேண்டிய வரிக்குப் பக்கத்தில், இங்கே இந்தச் செய்தி வரவேண்டும் என்று கமெண்ட்டாக எழுதிவிடுவார்கள். செய்தியின் ஒரு துண்டு பொருந்தினாலே போதும். படிக்கவும் சுகம், மாற்றினால் சேதாரமும் குறைவு. ஆனால் அம்புக்குறி தப்பான இடத்துக்கு நகர்ந்தால் அந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. எனக்கு ரஸ்ட் வழிதான் பிடிக்கும், டிஃப் பெரிதாக வந்தாலும் கம்பைலர் பயனரிடம் என்ன பேசுகிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது.

மேக்ரோ கேள்வி நூற்றுக்கு நூறு சரி. மேக்ரோ விரிந்த பிறகு இருக்கும் நிரலைப் பயனர் எழுதவே இல்லை. எழுதாத வரியைக் காட்டி "இதைத் திருத்து" என்றால் அவர் எதைத் திருத்துவார்? பெரும்பாலும் மேக்ரோவைக் கூப்பிட்ட இடத்தைக் காட்டிவிட்டு, திருத்தும் யோசனையை விட்டுவிடுவதே நல்லது.

வேகத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், பிழை நடந்த பாதையில் மட்டும் அந்தக் கணக்கு ஓடுகிறது என்றால். பிழையில்லாத நிரலுக்கும் அந்தத் தகவலைச் சேர்த்து வைக்கத் தொடங்கினால் அது வேறு கதை.

---

ரெஜிஸ்டர்_பசி எழுதியது:

அந்த மூத்தவர் நானில்லை, ஆனாலும் அவர் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும்.

"பூச்சு வேலை" என்பது தப்பான சொல், ஒப்புக்கொள்கிறேன். முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறதே. சிஸ்மித் என்று சீரற்ற சி நிரல்களை உருவாக்கி கம்பைலர்களைச் சோதிக்கிற கருவி, 2011ல் வந்த கட்டுரை, 325க்கு மேற்பட்ட புதிய பக்குகளை அதை வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவற்றில் பல எப்படிப்பட்டவை தெரியுமா? கம்பைலர் வாயே திறக்காது, பிழை இல்லை, வார்னிங் இல்லை, வெளியே வரும் நிரல் தப்பான விடை கொடுக்கும். அசிங்கமான செய்தி பயனரின் பத்து நிமிடத்தைத் தின்னும். தப்பான கோட் தன் நிரலில்தான் பக் என்று ஒருவரை வாரக்கணக்கில் நம்ப வைக்கும். தன்னார்வலர்களின் நேரம் அளவானது, அது எங்கே போக வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

இன்னொன்று. ஒவ்வொரு "ஒருவேளை இதைச் சொல்ல வந்தீர்களா" குறிப்புக்குப் பின்னாலும் வகைச் சரிபார்ப்பிக்குள் ஒரு தனி நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர் போய்விடுவார். அதைப் பராமரிப்பது யார்? ஒரு கம்பைலர் பிழை உண்டா இல்லையா, எந்த வரியில் என்று சொன்னால் போதும், மிச்சத்தை எடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

---

நள்_சுட்டி எழுதியது:

எந்த வரி என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறவர் பழைய சி++ டெம்ப்ளேட் பிழைகளோடு வாழ்ந்தவராக இருக்க வேண்டும். அது வரியைச் சரியாகத்தான் சொல்லும், என்ன, நாம் எழுதாத, மொழியோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் இருக்கிற வரியைச் சொல்லும்.

---

கரும்பலகை எழுதியது:

நான் கம்பைலர் எழுதுகிறவள் இல்லை, புதிதாக வருகிறவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த "வரி மட்டும் போதும்" என்பதில் ஒரு சின்ன விஷயத்தைக் காட்ட வேண்டும்.

பைத்தானில் ஒரு அகராதியைத் திறந்து, மூன்று நான்கு ஜோடி எழுதி, மூடும் அடைப்பை மறந்துவிட்டு, அடுத்த வரியில் வேறு வேலைக்குப் போகிறார் ஒரு மாணவர். 3.9 வரை என்ன வரும்? "தவறான தொடரமைப்பு" என்ற செய்தி, அம்புக்குறி அந்த அடுத்த வரியில். பாவம், அந்த வரியில் எந்தத் தப்பும் இல்லை. மாணவர் அதையே முறைத்துப் பார்ப்பார், அழிப்பார், திரும்ப எழுதுவார், பிழை கீழே நகரும், அதையும் அழிப்பார். 2021ல் 3.10 வந்த பிறகு, திறந்த அடைப்பையே காட்டி, இது மூடப்படவே இல்லை என்று சொல்கிறது. மொழியின் இலக்கணத்தில் இதற்காக ஒன்றும் மாறவில்லை, எதைச் சுட்டுகிறோம் என்பது மட்டும் மாறியது. 3.9ல் பழைய பார்சருக்கு (நிரலின் அமைப்பைப் படித்தறியும் பகுதி) பதிலாக பெக் என்ற வேறு வகைப் பார்சரைக் கொண்டுவந்ததால்தான் இப்படியான செய்திகளை எழுதுவது எளிதானது என்று படித்திருக்கிறேன்.

அதற்கப்புறமும் விடாமல் செய்துகொண்டே இருக்கிறார்கள். 3.11ல் ஒரே வரியில் நாலு அழைப்பு இருந்தால் எந்தத் துண்டில் உடைந்தது என்று கோடு போட்டுக் காட்டுகிறது. 3.12ல் ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூலை இம்போர்ட் செய்யாமல் அதன் பெயரைப் பயன்படுத்தினால், இம்போர்ட் செய்ய மறந்தீர்களா என்று கேட்கிறது. 3.13ல் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று வந்தது: மாணவர் தன் கோப்புக்கு ரேண்டம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்வார், அது தன்னையே இம்போர்ட் செய்துகொண்டு, அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று அழும். இப்போது உன் கோப்பின் பெயரை மாற்று என்று நேராகச் சொல்லிவிடுகிறது. வகுப்பில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்!

ஜாவாவிலும் உண்டு. ஒரு வரியில் ஏ புள்ளி பி புள்ளி சி என்று போய்க்கொண்டே இருக்கும், நள் பாயிண்டர் எக்செப்ஷன் (மதிப்பே இல்லாத, அதாவது நள்ளான, ஒன்றைத் தொட்ட பிழை) வரும், மூன்றில் எது நள் என்று சொல்லாது. ஜாவா 14ல்தான் எது நள் என்று சொல்ல ஆரம்பித்தது, 15ல் தானாகவே இயங்கும்படி ஆனது. முதல் ஜாவா வந்தது 1996ல். இடையில் இருந்த வருடங்களில் எடிட்டர் அதைப் பார்த்துக்கொண்டதா என்ன?

---

ரெஜிஸ்டர்_பசி எழுதியது:

கரும்பலகை, அடைப்பு உதாரணம் நல்ல உதாரணம், இடத்தைச் சரியாகச் சுட்டுவதை நான் எதிர்க்கவே இல்லை. எனக்கு எரிச்சல் யோசனை சொல்லும் பகுதியில்தான். தப்பான யோசனை, யோசனை இல்லாததைவிட மோசம். கம்பைலர் "இங்கே ஒரு குறியீட்டைச் சேர்" என்கிறது, சேர்த்தால் "அதை எடு" என்கிறது. இரண்டு முறை இப்படி ஆனால் பயனர் எந்த யோசனையையும் நம்ப மாட்டார், நல்லதையும் சேர்த்துத்தான்.

---

பழைய_லிங்கர் எழுதியது:

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, புதிய செய்தி எழுதுவதில் இல்லை.

ரஸ்ட்டில் ஒவ்வொரு யோசனைக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு முத்திரை குத்த வேண்டும். கருவி கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்பது ஒரு நிலை. தப்பாக இருக்கலாம் என்பது ஒன்று. வெற்றிடம் விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொள் என்பது ஒன்று. எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்பது இன்னொன்று. ரஸ்ட்டின் திருத்தும் கருவியான கார்கோ ஃபிக்ஸ் முதல் வகையை மட்டும்தான் தானாகப் பயன்படுத்தும். எனவே ஒரு யோசனையை முதல் வகைக்கு உயர்த்துவது என்பது வாக்குக் கொடுக்கிற மாதிரி, அதை உடைக்கிற ஒரு நிரலோடு யாராவது வந்தால் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல் நடக்கிறது.

கம்பைல் ஆகிவிடுகிற யோசனையும் தப்பாக இருக்கலாம் என்பது இதைவிட நுட்பமானது. கை மாறிப்போன மதிப்பைத் திரும்பப் பயன்படுத்தினால் "ஒரு நகல் எடுத்துக்கொள்" என்று சொல்வது எளிது. நகல் எடுத்தால் பிழை போய்விடும். ஆனால் சுழலுக்குள் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய வெக்டரை நகல் எடுக்கிற நிரலாக அது மாறியிருக்கும், பயனர் உண்மையில் செய்ய நினைத்தது கடன் வாங்குவதாக, அதாவது கை மாற்றாமல் மதிப்பைப் பயன்படுத்துவதாக, இருந்திருக்கும். இதற்கு டெஸ்ட் எழுத முடியாது, இப்படிப்பட்ட நிரல்களை நிறையப் பார்த்தவர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தால்தான் உண்டு.

அப்புறம், ஒரு தப்புக்கு நாற்பது பிழை. பயனர் ஒரு மாறியின் வகைப் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அந்த மாறியின் வகை தெரியாது. அதை வைத்துக் கூட்டினால் பிழை, அதன் மெத்தடைக் கூப்பிட்டால் பிழை, அதைத் திருப்பித் தந்தால் பிழை. இதை அடக்க, வகை தெரியாத இடத்தில் "பிழை வகை" என்று ஒரு சிறப்பு வகையைப் போட்டு, அதைத் தொடுகிற எதைப் பற்றியும் புகார் சொல்லாதே என்று வைப்பார்கள். கேட்க எளிது. ஆனால் எங்காவது பிழை வகையைப் போட்டுவிட்டு பிழையைச் சொல்ல மறந்துவிட்டால்? எல்லோரும் வேறு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று வாயை மூடிக்கொள்வார்கள், பிழையான நிரல் அப்படியே கோட் உருவாக்கும் கட்டம் வரை போய்ச் சேரும். ரெஜிஸ்டர்_பசி, இது உங்கள் வீட்டுக்கே வருகிற பிரச்சினை. அதனால்தான் ரஸ்ட்டில் "பிழை சொல்லியாகிவிட்டது" என்பதற்கே ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள், பிழையைப் பயனரிடம் சொன்னால்தான், குறைந்தபட்சம் சொல்லப்படும் என்று பதிவு செய்தால்தான், அதன் மதிப்பு கைக்கு வரும், அது இல்லாமல் பிழை வகையை உருவாக்கவே முடியாது. செய்தி வேலை, உள்வேலை என்று இரண்டாகப் பிரிக்கிற கோடு நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

---

ரெஜிஸ்டர்_பசி எழுதியது:

அந்தக் கடைசிப் பத்தி எனக்குப் புதுசு. சரி, அதை எடுத்துக்கொள்கிறேன்.

---

சிவப்பு_அலைக்கோடு எழுதியது:

எடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலே ஒருவர் சொன்னார். நான் அந்த எடிட்டர் பக்கத்து ஆள். கம்பைலர் கொடுப்பதை வைத்துத்தான் நாங்கள் அலைக்கோடு போடுகிறோம், அது இடத்தைத் தப்பாகக் கொடுத்தால் கோடும் தப்பாகத்தான் விழும்.

இடம் என்பதே எவ்வளவு தலைவலி என்பதற்கு நம்ம எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் "தமிழ்" என்று ஒரு சரம் இருக்கிறது, அதற்கு வலப்பக்கம் பிழை. அந்தச் சொல் எத்தனை நெடுவரிசை? யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட் கணக்கில் 15. யூனிகோட் குறியீட்டுப் புள்ளி கணக்கில் 5, ஏனென்றால் மி என்பது ம, இகரக் குறி என்று இரண்டு, ழ் என்பது ழ, புள்ளி என்று இரண்டு. கண்ணுக்குத் தெரிகிற எழுத்து 3. டெர்மினலில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பது ஃபாண்ட்டையும் டெர்மினலையும் பொறுத்தது. கம்பைலர் பைட்டை எண்ணிக்கொண்டு அத்தனை இடைவெளி விட்டு அம்புக்குறி போட்டால், அம்பு வலது பக்கம் எங்கோ ஆகாயத்தில் நிற்கும். ஜிசிசி என்ற சி கம்பைலர் பல காலம் நெடுவரிசை எண்ணைப் பைட்டாகத்தான் சொன்னது, 11ஆம் பதிப்பில்தான் திரையில் தெரியும் அகலத்தை இயல்பாக்கி, பைட் வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொள் என்று ஒரு தேர்வும் வைத்தார்கள். எடிட்டரும் மொழி சர்வரும் (நிரலை அலசி எடிட்டருக்குப் பிழைகளைச் சொல்லும் நிரல்) பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறையோ யூடிஎஃப்-16 அலகில் எண்ணச் சொல்கிறது, 3.17 பதிப்பில் வேறு முறையைப் பேசி முடிவு செய்துகொள்ள வழி வந்தது. ஆக ஒரே பிழைக்கு மூன்று கணக்கு, மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிற நிரலில் ஒன்று கூடக் குறைய இருந்தால் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ரஸ்ட்டில் இன்னொரு அட்டவணை இருக்கிறது, பார்த்ததும் சிரிப்பு வரும். அரைப்புள்ளி மாதிரியே இருக்கும் கிரேக்கக் கேள்விக்குறி தெரியுமா, யூனிகோட் 037இ? யாராவது விளையாட்டாக அதை நிரலில் ஒட்டிவிட்டால், இது பார்க்க அரைப்புள்ளி மாதிரி இருக்கிறது ஆனால் அரைப்புள்ளி இல்லை என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டும். இப்படிக் குழப்புகிற எழுத்துகளின் பட்டியலையே வைத்திருக்கிறார்கள். விளையாட்டு மட்டுமில்லை, பிடிஎஃப்பிலிருந்து நிரலை நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு வளைந்த மேற்கோள் குறி தினமும் வரும் பிரச்சினை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செய்தியின் வாசகத்தை வைத்து ரெகெக்ஸ் (உரையில் குறிப்பிட்ட வடிவத்தைத் தேடும் சூத்திரம்) எழுதாதீர்கள். கருவிகள் படிக்கிற ஜேசான் வடிவ வெளியீடு எதற்கு இருக்கிறது? நீங்கள் ரெகெக்ஸ் எழுதிவிட்டு, ஒருவர் வாசகத்தைச் சீராக்கியதும் "என் பில்ட் உடைந்தது" என்று இஷ்யூ போடுவதால்தான் அடைப்புக்குறி மாதிரி புதியவர்களின் பேட்ச் இவ்வளவு விவாதத்தில் மாட்டுகிறது.

---

அடைப்புக்குறி எழுதியது:

நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. 97க்கும் மூன்றுக்கும் கணக்கு சொன்னது மனதில் நிற்கிறது, உட்கார்ந்து டிஃப்பை முழுக்கப் படிக்கிறேன். ஆவணம் பற்றி யாரும் பேசவில்லையே? அதைத் தனியாகக் கொடு என்று ஏன் சொல்கிறார்கள்?

---

ஆவணப்பூனை எழுதியது:

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

தனியாகக் கேட்பதற்குக் காரணம் சாதாரணமானது, படிக்கிறவர்கள் வேறு ஆட்கள். ஆனால் தனியாகக் கொடு என்றால் அப்புறம் கொடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த "அப்புறம்" வராது.

பிழைக்கு எண் கொடுக்கிற வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரஸ்ட்டில் இ0382 என்று வரும், அந்த எண்ணைக் கொடுத்து விளக்கு என்று கேட்டால் ஒரு சிறு பாடமே அச்சாகும், தப்பான நிரல் ஒன்று, திருத்திய நிரல் ஒன்று. பெர்லில் வெகு காலமாகவே இப்படி ஒரு வசதி உண்டு, டயக்னாஸ்டிக்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால் குட்டிச் செய்தியோடு நீண்ட விளக்கமும் வரும், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ரஸ்ட் விளக்கங்களில் நான் பொறாமைப்படுவது வேறு ஒன்று: தப்பான உதாரணமும் டெஸ்ட் ஆகிறது. "இந்தத் துண்டு கம்பைல் ஆகக் கூடாது, அதுவும் இந்த எண்ணோடுதான் தோற்க வேண்டும்" என்று குறித்து வைப்பார்கள். நாளை கம்பைலர் புத்திசாலியாகி அந்த நிரலை ஏற்றுக்கொண்டால் ஆவணத்தின் டெஸ்ட் உடையும், யாராவது வந்து திருத்தியாக வேண்டும். பயன்பாட்டிலிருந்து போன எண்ணைத் திரும்ப வேறு பிழைக்குக் கொடுப்பதில்லை, இப்போது கம்பைலர் இதைச் சொல்வதில்லை என்று ஒரு குறிப்போடு பக்கம் அப்படியே இருக்கும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு தேடி வருகிறவருக்கு அது போதும்.

உதாரண நிரலை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் வேறு இடங்களிலும் உண்டு, பைத்தானின் டாக்டெஸ்ட், கோ மொழியில் எதிர்பார்த்த வெளியீட்டைக் கமெண்ட்டில் எழுதி வைக்கிற உதாரண ஃபங்ஷன்கள். ஆனால் இவை எதுவும் உரைநடையைப் பாதுகாக்காது. "இது தற்போது மெதுவானது, தவிர்க்கவும்" என்று எழுதிய வாக்கியம் ஆறு பதிப்பு கழித்தும் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதற்கு டெஸ்ட் கிடையாது. என் பார்வையில் ஆவணத்தில் "தற்போது", "விரைவில்", "புதிய" ஆகிய மூன்றையும் தடை செய்யலாம்.

மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பார்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் செய்திகள் எல்லாம் ஒரே ஜேசான் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு, பல மொழிகளில் கிடைக்கின்றன. வேறு மொழியில் படித்தாலும் 2322 என்று தேடினால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். ஜிசிசியில் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மொழிபெயர்ப்பு உண்டு, ஆனால் எண் இல்லை, அதனால் பலர் தேடுவதற்காகவே மொழி அமைப்பான லொகேலைச் சி என்று மாற்றிவிட்டு ஆங்கிலத்தில் ஒரு தடவை ஓட்டுவார்கள். ரஸ்ட்டில் 2022ல் செய்திகளை எல்லாம் நிரலிலிருந்து பிரித்து, மொழிபெயர்ப்புக்கு உதவும் ஃப்ளூயண்ட் கோப்புகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். நடந்தது என்னவென்றால் ஒரு வாக்கியத்தை மாற்ற இரண்டு மூன்று கோப்பைத் திறக்க வேண்டி வந்தது, நிரலில் செய்தியைத் தேடினால் கிடைக்கவில்லை, பங்களிப்பவர்கள் சலித்துக்கொண்டார்கள், மறுவடிவமைப்பு வேண்டும் என்று கம்பைலரின் வழிகாட்டியிலேயே எழுதிவைத்தார்கள். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்தியைத் தினமும் தொடுகிறவரின் வேலையைக் கடினமாக்கிவிட்டு எந்த மொழியிலும் நல்ல செய்தி வராது, அவ்வளவுதான்.

---

நள்_சுட்டி எழுதியது:

"எளிமையானது" என்பதையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் பூனையாரே.

---

ரெஜிஸ்டர்_பசி எழுதியது:

இதுவரை எல்லோரும் செய்தியை அழகாக்குவதைப் பேசினோம். வார்னிங்கைப் பிழையாக உயர்த்துவது பற்றி யாரும் பேசவில்லை, பராமரிப்பில் எனக்குத் தெரிந்து ரத்தம் சிந்துகிற இடம் அதுதான்.

சி மொழியில் அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடலாம் என்ற பழைய விதியை 1999 தரத்திலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஜிசிசி அதை வார்னிங்காகவே விட்டு வைத்தது. ஆபத்து சின்னதில்லை: அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் தருகிறது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும், உண்மையில் அது சுட்டியைத் தந்தால் 64 பிட் கணினியில் முகவரியின் மேல் பாதி காணாமல் போகும். கிளாங் 16, 2023ல் இதை இயல்பாகவே பிழையாக்கியது. ஜிசிசி 14, 2024 மே மாதம். கால் நூற்றாண்டு!

ஏன் இவ்வளவு காலம்? சோம்பேறித்தனம் இல்லை. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் (பில்டுக்கு முன் கணினியில் என்ன வசதி உண்டு என்று பார்ப்பவை) ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் ஆனால் இந்த வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை என்று முடிவு செய்கின்றன. அந்தக் குட்டி நிரல்களில் பல, ஹெடரை (ஃபங்ஷன் அறிவிப்புகள் உள்ள கோப்பை) சேர்க்காமல் அரைகுறையாக எழுதப்பட்டவை. வார்னிங் பிழையானதும் அவை தோற்கும், ஸ்கிரிப்ட் அமைதியாக "வசதி இல்லை" என்று எழுதிக்கொள்ளும், பில்ட் வெற்றி, ஆனால் நிரலில் ஒரு அம்சம் குறைந்திருக்கும். பிழைச் செய்தி யார் கண்ணிலும் படாது. இதைத் தேடித் தேடித் திருத்த டிஸ்ட்ரோ ஆட்கள் (லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுகிறவர்கள்) மாதக்கணக்கில் உழைத்தார்கள். செய்தி எவ்வளவு அழகாக இருந்தால் என்ன, படிக்கிறது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்.

---

பழைய_லிங்கர் எழுதியது:

நல்ல உதாரணம். இதற்கு நேர் எதிரான ஒன்று என்னிடம் இருக்கிறது.

2024 ஜூலையில் ரஸ்ட் 1.80. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் பாக்ஸ் எஸ்டிஆர் வகைக்கு ஒரு டிரெய்ட் அமலாக்கம் (அந்த வகைக்குப் புதிதாக ஒரு திறன்) சேர்த்தார்கள். ஒன்றையும் எடுக்கவில்லை, சேர்க்கத்தான் செய்தார்கள். ஆனால் அதுவரை ஒரே ஒரு விடைதான் பொருந்தும் என்பதால் வகையைத் தானாக ஊகித்துக்கொண்டிருந்த நிரல்களுக்கு இப்போது இரண்டு விடை பொருந்தியது. ஊகம் தோற்றது. டைம் என்ற பிரபல கிரேட்டின் (ரஸ்ட் நூலகத்தின்) பழைய பதிப்புகள் உடைந்தன, அதை நம்பிய மற்றவையும் சேர்ந்து உடைந்தன. பொதுவில் கிடைக்கும் கிரேட்களை எல்லாம் புதிய கம்பைலரில் ஓட்டிப் பார்க்கிற கிரேட்டர் என்ற ஏற்பாடு இதை முன்கூட்டியே காட்டியும் கொடுத்தது. ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

பயனருக்கு வந்த செய்தி "வகைக் குறிப்பு தேவை", அதுவும் அவர் எழுதாத ஒரு கிரேட்டுக்குள். பிழை உண்மை, இடமும் சரி, வாசகமும் சரி, ஆனால் யாருக்கும் உதவாது. அவர் செய்ய வேண்டியது வகைக் குறிப்பு எழுதுவதே இல்லை, கார்கோ அப்டேட் கொடுத்து அந்த நூலகத்தைப் புதுப்பிப்பது. பிறகு கம்பைலருக்குள்ளேயே, இந்தப் பிழை டைம் கிரேட்டுக்குள் வந்தால், இது 1.80ல் நடந்த மாற்றத்தால் வந்தது, 0.3.35 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புக்குப் போ என்று தனியாகச் சொல்ல வைத்தார்கள். ஒரு மொழியின் கம்பைலருக்குள் ஒரு குறிப்பிட்ட நூலகத்தின் பெயர்! சுத்தக்காரர்களுக்குப் பார்க்கவே பிடிக்காது. ரெஜிஸ்டர்_பசி மேலே சொன்ன "தனி நிபந்தனை", இதைவிடத் தனியாக ஒன்று இருக்க முடியாது. ஆனாலும் வைத்தது சரிதான் என்பேன், சில வருடம் கழித்து எடுத்துவிடலாம், எடுப்பதற்கு ஒரு இஷ்யூவும் திறந்து வைத்தால் போதும்.

---

கரும்பலகை எழுதியது:

எடுக்க ஒரு இஷ்யூ திறந்து வைப்போம் என்று சொன்ன எதையும் யாராவது எடுத்து நான் பார்த்ததில்லை.

---

பழைய_லிங்கர் எழுதியது:

அதுவும் உண்மை.

---

அடைப்புக்குறி எழுதியது:

ஒரு நிலவரம். டிஃப்பை முழுக்கப் படித்தேன். பெரும்பாலானவை சரி. ஆனால் குளோஷர்களுக்குள் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்கள்) வரும் பிழைகளில் என் குறிப்பு, எதிர்பார்ப்பு உருவான இடம் என்று குளோஷரையே காட்டுகிறது, அதாவது பிழை நடந்த அதே இடத்தை இரண்டு முறை காட்டுகிறது. இரண்டு இடமும் ஒன்றோடொன்று மேலே விழுந்தால் குறிப்பைச் சொல்லாதே என்று ஒரு நிபந்தனை போட்டேன், மேக்ரோ விரிவுக்குள் இருந்தாலும் சொல்லாதே என்று இன்னொன்று. மாறிய கோப்புகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன.

பேட்ச்சையும் இரண்டு கமிட்டாகப் பிரித்தேன். முதலாவதில் இன்றைய மோசமான வெளியீட்டோடு புதிய டெஸ்ட்கள், இரண்டாவதில் மாற்றம். இப்போது ரிவ்யூ செய்கிறவர் இரண்டாவதன் டிஃப்பை மட்டும் பார்த்தாலே முன்பு என்ன, பின்பு என்ன என்று தெரிகிறது. ஆவணத்தையும் அதே நாளில் தனியாக அனுப்பிவிட்டேன், "தற்போது" என்ற சொல் இல்லாமல்.

---

ஆவணப்பூனை எழுதியது:

மியாவ்.

---

ரெஜிஸ்டர்_பசி எழுதியது:

டெஸ்ட்டை முதல் கமிட்டில் வைப்பது நல்ல பழக்கம், ஆப்டிமைசர் பக்கமும் அப்படித்தான் கேட்போம்.

அடைப்புக்குறி, இது முடிந்ததும் வேலை வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். நான் பார்க்கிற பின்முனையில் (கோட் உருவாக்கும் பகுதி) உள்வரி அசெம்பிளிக்கு (நிரலுக்குள் நேரடியாக எழுதும் கணினிக் கட்டளைகள்) ரெஜிஸ்டர், அதாவது செயலியின் சிறு சேமிப்பிடம், பற்றாக்குறையானால் ஒரே ஒரு வாக்கியம் அச்சாகும். கோப்புப் பெயர் இல்லை, வரி எண் இல்லை. அந்தக் கட்டம் வரை இடத் தகவலைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள் யாரும். ரிவ்யூ நான் செய்கிறேன்.

---

நள்_சுட்டி எழுதியது:

"வரி எண் இல்லை" என்று யார் புகார் சொல்வது என்று இன்னொரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

---

அடைப்புக்குறி எழுதியது:

இஷ்யூ எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்க்கிறேன். அசெம்பிளி எனக்கு அவ்வளவாக வராது, கேள்வி நிறைய வரும்.